ஒரு வளைவு அதிகம்

ஏப்ரல் 4

அனுப்புநர்: வாலு, நூலகத்தில் நுழையத் தடை விதிக்கப்பட்டவள், நூலக வாசல்படி.
பெறுநர்: நூலகர் அவர்கள் (என் அப்பாவின் சொந்தத் தங்கை), நூலகத்தின் உள்ளே.
பொருள்: மன்னிப்புக் கோருதல்.
பார்வை: நேற்று கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் என்னைப் பார்த்த பார்வை.

அத்தை,

புத்தகம் திருப்பிப் போடும் பெட்டியில் இந்தக் கடிதத்தைப் போடுகிறேன். உள்ளே வரக்கூடாது என்றுதான் சொன்னீர்கள். உள்ளே போடக்கூடாது என்று சொல்லவில்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள், அதனால் வேறு வழியில்லை.

நடந்ததை வாக்குமூலமாக எழுதிவிடுகிறேன். நீங்கள் வரலாறு எழுதுகிறவர், வாக்குமூலம் என்றால் உங்களுக்குப் பிடிக்கும்.

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும் கல்லை ஊரில் எல்லாருக்கும் தெரியும். மேல் வரி உடைந்துபோய் ‘ருக்கு’ என்று மட்டும் மிச்சம் இருக்கிறது. கீழ் வரி முழுசாக இருக்கிறது: ‘இவ்வூரார் இவ்விடத்தில் இறங்கினர்.’ நூறு வருஷம் முன்னால் ரயிலில் வந்து இறங்கியவர்கள்தான் இந்த ஊரை உண்டாக்கினார்கள் என்பது அதற்கு அர்த்தம். அதனால்தான் இங்கே யார் வீடு பெரிசு என்று யாரும் கேட்பதில்லை, யார் தாத்தா முதலில் இறங்கினார் என்றுதான் சண்டை. முதலில் இறங்கிய குடும்பங்கள் என்று பதினொன்றைக் கமிட்டி பட்டியல் போட்டிருக்கிறது. மே பத்தாம் தேதி நூற்றாண்டு விழா. அன்றைக்குத்தான் நீங்கள் ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதிய ‘இறங்கிய இடம்’ வெளிவருகிறது.

போன வாரம் வியாழக்கிழமை மதியம், டிக்கெட் கொடுக்கிறவர் கவுன்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், சாம்பல் நிறப் பெயின்டால் அந்தக் கல்லில் ஒரு வளைவை மட்டும் மூடினேன். ‘ற’ போய் ‘ர’ வந்தது. இறங்கினர் இரங்கினர் ஆனார்கள். நூற்றாண்டு விழா இரங்கல் கூட்டம் ஆனது. ஒரே வளைவில் ஊரையே வளைத்துவிட்டேன் என்று எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன்.

அன்று நான்கு மணிக்குக் கமிட்டி அந்தக் கல்லுக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பதினொரு பேர் நின்றீர்கள், ஒருத்தர்கூடக் கல்லைப் பார்க்கவில்லை. பேப்பரில் படம் வந்த காலையில் பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தர் வெள்ளை வேட்டியும் துக்க முகமுமாகக் கிளம்பி வந்து, “தவறினது யாருங்க?” என்று ஸ்டேஷனில் விசாரித்தார்.

நீங்கள் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் நேற்றுக் கூட்டத்தில் செயலாளர்தான் பேசினார். “புத்தகம் எழுதறவங்க வீட்டுப் பொண்ணே இப்படின்னா, அந்தப் புத்தகத்துக்குள்ள என்னென்ன இருக்குமோ” என்றார். கூட்டமே சிரித்தது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, டப்பாவில் வைத்தீர்கள். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நானே கல்லைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். செய்கிறேன். தடையை மட்டும் எடுத்துவிடுங்கள். படிக்க ஒன்றும் இல்லாமல் வீட்டில் ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். முடிவு ஏமாற்றம்.

இப்படிக்கு,
வாலு (சுருட்டப்பட்டது)


ஏப்ரல் 5

உறுப்பினர் எண் 318-க்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தடை ஜூலை மாதம் வரை நீடிக்கும்.

புத்தகம் போடும் பெட்டி புத்தகம் போடுவதற்கு. அலுவலகக் கடிதங்களில் ‘அத்தை’ என்று எழுத வேண்டாம். ‘நூலகர்’ என்பது போதும்.

ஷாம்பு பாட்டில் குறித்த தங்கள் விமர்சனம் கோப்பில் சேர்க்கப்படவில்லை.

நூலகர்


ஏப்ரல் 7

நூலகர் அவர்களுக்கு,

இதில் ஜோக் கிடையாது. முழுசாகப் படியுங்கள்.

நேற்று காலை தின்னர் டப்பாவும் கம்பி பிரஷுமாக உட்கார்ந்தேன். தேய்த்தேன், தேய்த்தேன், நானே தேய்ந்தேன். முதலில் என் சாம்பல் போனது. அதன் அடியில் கறுப்பு. கறுப்புக்கு அடியில் பச்சை, ஏதோ ஒரு வருஷம் பச்சை அடித்திருக்கிறார்கள். அதற்கும் அடியில் செங்காவி. எல்லாம் போன பிறகு வெறும் கல்.

வெறும் கல்லில் ‘ற’ இல்லை.

உளியால் வெட்டிய பள்ளம் ‘ர’-வோடு நின்றுவிடுகிறது. கூட வந்த வளைவு பெயின்டில் மட்டும்தான் இருந்தது. கல்லுக்கு அந்த வளைவைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் விளையாட்டுக்கு எழுதியதுதான் அதில் நூறு வருஷமாக இருக்கிறது. ‘இவ்வூரார் இவ்விடத்தில் இரங்கினர்.’

நான் கத்தியதில் செயலாளர் டீக்கடையிலிருந்து கிளாஸோடு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். “கல்லையே சுரண்டிட்டியா?” என்றார். சுரண்டினால் பள்ளம் கூடும் மாமா, குறையாது என்றேன். “வாய் மட்டும் குறையாது” என்றார். அரை மணியில் பெயின்டரை வரவழைத்துப் பழையபடி கறுப்பில் ‘ற’ போட வைத்துவிட்டார். ஈரம் காய்வதற்குள் சாட்சி மறைந்துவிட்டது.

நீங்கள் ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்கள். ஒரே தடவை.

318


ஏப்ரல் 9

318-க்கு,

தலைமை ஆசிரியர் பதினொரு வருஷமாக ஒரு சமையல் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்று என் கையெழுத்தில் நோட்டீஸ் அனுப்பியது யார்? கமிட்டி நாற்காலிகள் எல்லாவற்றிலும் ‘ஈரப் பெயின்ட்’ என்று அட்டை வைத்து, இரண்டு மணி நேரக் கூட்டத்தை அத்தனை பேரும் நின்றுகொண்டே நடத்த வைத்தது யார்? மாடியே இல்லாத நூலகத்தில் ‘மாடிக்கு வழி’ என்று அம்புக்குறி ஒட்டியது யார்? ஒருவர் அதைப் பின்பற்றிப் போய்க் கழிப்பறைச் சுவரில் முட்டிக்கொண்டார்.

இப்போது அதே ஆள், அதே கல்லில், அதே எழுத்தைப் பற்றி எழுதுகிறாள். நான் நம்ப வேண்டும்.

ஏழு வருஷம் என்று நீ எழுதியிருக்கிறாய். அது ஞாயிற்றுக்கிழமைகளாக எத்தனை என்று எனக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்ப் பெட்டி திறக்கச் சொல்லி, தூசியில் தும்மி, ஒவ்வொரு பெயரையும் மூன்று இடத்தில் சரிபார்த்து எழுதிய புத்தகம் அது. அச்சகத்துக்குப் போய்விட்டது. அதன் முதல் வரி அந்தக் கல்லின் வரிதான் என்று உனக்கே தெரியும். உன் குறும்புக்காக அந்த வரியைத் தொட மாட்டேன்.

நூலகர்


ஏப்ரல் 14

நூலகர் அவர்களுக்கு,

என்னை நம்ப வேண்டாம். பிரஷை நம்புங்கள்.

போர்டு மாமாவிடம் போனேன். கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர், வருஷா வருஷம் கல்லுக்கும் கறுப்பு அடிக்கிறவர். ஒரு மருந்துக் கடைப் போர்டில் ‘மருந்து’க்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தார். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“மாமா, கல்லுல எழுதறப்ப பிரஷ் எப்படிப் போகும்?”

“பள்ளத்துல தண்ணி மாதிரி தானா ஓடும். நான் சும்மா பிடிச்சிட்டு இருந்தா போதும்.”

“எல்லா எழுத்துலயுமா?”

கொஞ்சம் யோசித்தார். “அந்த ‘ற’ கிட்ட மட்டும் தகராறு. கடைசி வளைவு மேட்டுல போகும். கையைப் பிடிச்சு இழுத்துத்தான் போடணும்.”

“ஏன்னு தோணலையா?”

“தேஞ்சு போச்சுன்னு நெனச்சேன். எங்கப்பா போட்ட ‘ற’ அது. அவருக்கு முன்னாடி யாரோ போட்டது. அப்பா போட்டதுல போய் யாராவது சந்தேகப்படுவாங்களா?”

“நான் படுவேன்.”

“அது ஊருக்கே தெரியும்.”

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். காசுக்கு மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் காசு தெரியுமே, அப்படிக் கல்லின் மேல் வைத்துத் தேய்த்தது. பெயின்டுக்கு ஆழம் கிடையாது, பள்ளத்துக்கு உண்டு. பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். எனக்குத் தமிழ்ப் பரீட்சையில் நாற்பத்தொன்று. உங்களுக்கு எப்போதும் முதல் மார்க் என்று அப்பா சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். அதனால் பயந்துகொண்டே கேட்கிறேன்.

மேல் வரியில் மிச்சமிருக்கும் ‘ருக்கு’ என்பதை ‘ஊருக்கு’ என்று உங்கள் புத்தகம் சொல்கிறது. வேறு எதுவாகவும் இருக்க முடியாதா? ‘வந்தோருக்கு’? ‘நின்றோருக்கு’? யாருக்கும் இறங்க முடியாது, நூலகரே. யாருக்காவது இரங்கத்தான் முடியும்.

இன்னொன்று: ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே அவர்கள் எப்படி ‘இவ்வூரார்’ ஆனார்கள்?

318


ஏப்ரல் 16

318-க்கு,

பென்சில் உன் கையில் இருந்தது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதும் உன் கையில்தான் இருந்தது. இந்தத் தாள் சாட்சி ஆகாது. இனி இது பற்றி எழுத வேண்டாம்.

நூலகர்

பின்குறிப்பு: ‘ங்’ எழுத்தின் புள்ளி பள்ளமாக இருக்கிறதா, பெயின்டாக இருக்கிறதா? அலுவல் நிமித்தம் கேட்கிறேன்.


ஏப்ரல் 23

அத்தை,

(இது அலுவலகக் கடிதம் இல்லை, தபாலில் வருகிறது. ஆகவே அத்தைதான்.)

புள்ளி பள்ளம்தான். எல்லாமே பள்ளம்தான், அந்த ஒரு வளைவைத் தவிர.

என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடுமுறைக்கு என்று அம்மா சொன்னாள். விழா முடிகிற வரைக்கும் ஊரில் பெயின்ட் டப்பாக்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று அப்பா சொன்னார். பெரியம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை. டிவி ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை, மிக்ஸிக்கு உறை. நான் வந்ததிலிருந்து என் வாய்க்கும் ஒன்று தைக்க அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று சந்தேகம்.

போர்டு மாமா போனில் சொன்னார். புதுக் கருங்கல் வந்துவிட்டதாம், அதில் ஆழமாக ‘இறங்கினர்’ என்றே வெட்டியிருக்கிறார்களாம். மே ஐந்தாம் தேதி பழைய கல்லைப் படுக்க வைத்து மேலே சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள். அதற்குப் பிறகு தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. புதுக் கல்லின் பக்கவாட்டில் பதினொரு குடும்பத்தின் பெயராம். “உங்க குடும்பம் நாலாவது, எங்க குடும்பம் இல்ல. நாங்க இறங்கினதுக்கு ஆதாரம் இல்லையாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போர்டு எழுதுகிற ஆள் சிரிப்புக்கும் நிழல் போடுவார் போலிருக்கிறது.

ஏன் அந்தக் குறும்பைச் செய்தாய் என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். பெரிய காரணம் எதுவும் இல்லை அத்தை. சிரிப்பு வந்தது, செய்தேன். உங்கள் முகம் மாறும் என்று யோசிக்கவில்லை. அதற்குத்தான் மன்னிப்பு, கல்லுக்கு இல்லை.

நான் பொய் சொன்னபோதெல்லாம் ஊரே என்னை நம்பியது. தலைமை ஆசிரியர் அந்தச் சமையல் புத்தகத்தை வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறேன், அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

இதற்கு மேல் கெஞ்ச மாட்டேன்.

வாலு


ஏப்ரல் 29

வாலு,

இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதினால் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு தடவை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி வண்டிக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போனேன். பெருக்குகிற அம்மாள் அந்தப் பக்கம் போகும் வரை டைம்டேபிள் படிப்பதுபோல் நின்றேன். பிறகு கல்லின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். கண்ணைத் திறந்திருந்தால் கண் ‘ற’ என்றுதான் சொல்லும். விரலுக்குப் படிப்பு இல்லை. அது பள்ளம் போன வழியில் போய், நின்ற இடத்தில் நின்றது.

நூலகத்துக்கு வந்து இரும்பு அலமாரியைத் திறந்தேன். அந்த வருஷத்து ஸ்டேஷன் மாஸ்டரின் நாட்குறிப்பு என்னிடம் ஏழு வருஷமாக இருக்கிறது. அதிலிருந்துதான் முதல் அத்தியாயத்தையே எழுதினேன். இப்போது மறுபடி படித்தேன்.

‘மழையில் பாலத்தின் தூண் சரிந்தது. வண்டி மேலே போக வழியில்லை. பிரயாணிகள் 211. ஊரார் வந்து அழைத்துப் போயினர்.’

ஊரார் வந்து, வாலு. ஊர் ஏற்கெனவே இருந்திருக்கிறது. வண்டி ஒன்பது நாள் நின்றிருக்கிறது. யார் யார் வீட்டில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று அந்த மனிதர் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அறுபது. தானிய வியாபாரி தன் கிடங்கைக் காலி செய்துகொடுத்தார், முப்பது. ரொட்டிக் கடையில் எட்டு. தண்ணீர் வடிந்து வண்டி கிளம்பியபோது பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள், சிலர் இங்கேயே இருந்துவிட்டார்கள். இருந்துவிட்டவர்களை நான் ஊரை உண்டாக்கியவர்களாக ஆக்கிவிட்டேன். ‘அழைத்துப் போயினர்’ என்ற வார்த்தை எனக்கு இடிக்கவே இல்லை. கல் ‘இறங்கினர்’ என்று சொன்னதால், தாளும் அதையே சொல்கிறது என்று படித்துக்கொண்டேன். யாரோ ஒரு படித்தவர் கல்லின் ‘ர’-வை எழுத்துப் பிழை என்று நினைத்துப் பெயின்டால் திருத்தியிருக்க வேண்டும். ரயில் நிலையத்தில் ஜனங்கள் இறங்கத்தானே செய்வார்கள். நானாக இருந்தாலும் திருத்தியிருப்பேன், அதுதான் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு வரி. ‘தையற்காரர் ஒருவர், மனைவி, மிஷின் ஒன்று. சுண்ணாம்பு அடிப்பவர் வீட்டில் ஓர் அறை.’ தையற்காரர் உன் கொள்ளுத் தாத்தா. சுண்ணாம்பு அடித்தவர் போர்டு மாமாவின் கொள்ளுத் தாத்தா. அவர்கள் இறங்கியதற்கு ஆதாரம் கிடையாது, வாஸ்தவம்தான். அவர்கள் இறங்கவில்லை. இங்கேயே இருந்தார்கள்.

செயலாளரிடம் சொன்னேன். “இரங்கினர்னு கல்லு வெச்சா, யாரு செத்ததுன்னு கேப்பாங்க. ஏற்கெனவே ஒருத்தர் கேட்டாச்சு” என்றார். “எங்க குடும்பம் முதல்ல இறங்கின குடும்பம். அதைப் போய், யாரோ பாவம் பாத்துக் கூட்டிட்டுப் போன குடும்பம்னு எழுதணுமா?” என்றார். அவர் கத்தவில்லை. உண்மையில் பயந்த மாதிரி இருந்தது.

ஐந்நூறு பிரதியும் வந்துவிட்டன. பழுப்புக் காகிதக் கட்டுகளாக என் மேசைக்கு அடியில் இருக்கின்றன, கால் நீட்ட இடமில்லை. நான் இனி வாயைத் திறக்காமல் இருந்தால் வேறு யாருக்கும் தெரியாது. கல் சிமென்டுக்கு அடியில் போய்விடும். எழுதிய புத்தகம் மேடையில் இருக்கும், நானும் மேடையில் இருப்பேன். மூன்று நாளாக இந்த வாக்கியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து நின்று தப்பு என்று சொன்னால், அந்தக் கூட்டம் எப்படிச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த மாத ஆரம்பத்தில் கேட்டேனே.

அத்தை


மே 1

அத்தை,

பெரியம்மா கூரியருக்குப் பணம் கொடுத்து, கவருக்கு ஒரு கவரும் போட்டுக் கொடுத்தாள்.

முதலில் ஒன்று: நீங்கள் எழுதியதை நான்கு தடவை படித்தேன். ‘விரலுக்குப் படிப்பு இல்லை’ என்ற இடத்தில் சிரிப்பு வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

இரண்டாவது, நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. ‘தானிய வியாபாரி தன் கிடங்கைக் காலி செய்துகொடுத்தார்.’ நம் ஊரில் தானியக் கிடங்கு எத்தனை? ஒன்று. அது யார் கடைக்குப் பின்னால் இருக்கிறது? முதலில் இறங்கிய குடும்பம் என்று மார்தட்டுகிறாரே, அந்தச் செயலாளர் கடைக்குப் பின்னால். வாசல் நிலையில் இருக்கும் வருஷம் இந்தக் கல்லை விடப் பழசு. கண்ணாமூச்சி ஆடும்போது அந்த எண்ணுக்குக் கீழேதான் ஒளிந்துகொள்வேன். அவர் குடும்பம் இறங்கவே இல்லை அத்தை. முப்பது பேருக்கு இரங்கிய குடும்பம்.

இதை நீங்கள் அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் எதிர்ப்பார். அவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஓசிப் பேப்பர் படிக்கிறார் இல்லையா? பேப்பருக்கு அடியில் நாட்குறிப்பை அந்தப் பக்கத்தில் திறந்து வையுங்கள். அவ்வளவுதான். ஒரு பொய்கூடத் தேவையில்லை. இது உண்மையை நாற்காலியில் உட்கார வைக்கிற வேலை.

இந்த வேலையில் எனக்கு அனுபவம் உண்டு, நீங்கள் புதுசு. அதனால் குறிப்பு: முகத்தை அரிசி பொறுக்குவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் “அப்படியா?” என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பார்க்கிறாரா என்று பார்க்கவே கூடாது.

கல்லை அவர் காப்பாற்றுவார். புத்தகத்தை யாரும் உங்களுக்காகக் காப்பாற்ற முடியாது. அதற்கு என்னிடம் குறும்பு எதுவும் இல்லை. எழுந்து நின்றால் சிரிப்பார்கள்தான். நான் சிரிக்க மாட்டேன், அது ஒரு ஆள் குறைவு.

வாலு


மே 6

வாலு,

என் வாழ்க்கையின் முதல் குறும்பு நேற்று முன்தினம் காலை ஒன்பது ஐந்துக்கு நடந்தது. அவரைப் பார்க்காமல் இருக்கிற கவனத்தில் பதிவேட்டில் ஒரே புத்தகத்தை மூன்று தடவை எழுதியிருக்கிறேன்.

அவர் நாட்குறிப்பை முதலில் தள்ளி வைத்தார். பேப்பரைப் பிரித்தார். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு இழுத்துக்கொண்டார். இருபது நிமிஷம். பேப்பர் மடி கலையாமல் கிடந்தது.

“இது யாரு எழுத்து?”

“அந்தக் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர்.”

“கிடங்குன்னு போட்டிருக்கே. எந்தக் கிடங்கு?”

“அப்படியா?” என்றேன்.

சாயந்திரத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் செய்தி. “எங்க கிடங்குலதான் முப்பது பேர். மூட்டையெல்லாம் மழையில வெச்சிட்டு மனுஷங்களை உள்ள வெச்சிருக்காங்க. எனக்கு எப்பவுமே அந்த ‘ற’ மேல ஒரு சந்தேகம்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிமென்ட் வேலைக்கு வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய கல் அங்கேயே நிற்கும். புதுக் கல் கவிழ்ந்து கிடக்கிறது. ரொட்டிக் கடைக்காரர் அதை மாவு பிசையக் கேட்கிறாராம்.

நேற்று சாயந்திரம் கமிட்டிக் கூட்டம். எல்லாரும் கல்லைப் பற்றியே பேசி முடித்தார்கள். புத்தகத்தின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்காமல் விட்டால் அந்தத் தப்பு அப்படியே மறைந்துவிடும் என்று தோன்றியது. நான் எழுந்து நின்று, “என் புத்தகம் தப்பு” என்றேன். முதல் வரியிலிருந்து தப்பு என்றேன். ஒருவர் சிரித்தார், மருந்துக் கடைக்காரர். பக்கத்தில் இருந்தவர் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். நான் பயந்த சிரிப்பு அவ்வளவு நேரம்தான் இருந்தது. பிறகு செயலாளர், “சரி, இப்ப என்ன பண்ணலாம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இதை அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பிரதியிலும் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

‘பிழை திருத்தம். தவறு: இறங்கினர். சரி: இரங்கினர். இந்தப் பிழை நூல் முழுவதும் பரவியுள்ளது. இது அச்சகத்தாரின் பிழை அல்ல, எழுதியவரின் பிழை. சுட்டிக்காட்டியவர்: உறுப்பினர் எண் 318.’

ஐந்நூறு சீட்டு, இரண்டு டப்பா பசை. எனக்கு ஒட்டத் தெரியாது, எல்லாம் கோணலாகப் போகிறது. வெள்ளிக்கிழமை வண்டியில் வந்தால் நேராக நூலகத்துக்கு வா. கதவு திறந்திருக்கும்.

அத்தை


மே 11

அத்தை,

பழக்க தோஷத்தில் மறுபடி பெட்டியில்தான் போடுகிறேன். நேரில் சொன்னால் நீங்கள் நடுவில் புகுந்து ஒற்றுப்பிழை சொல்வீர்கள்.

நேற்று மேடையில் நீங்கள் சீட்டைப் படித்தபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். விரலில் இன்னும் பசை. ‘எழுதியவரின் பிழை’ என்ற இடத்தில் உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியது (இந்த ‘ற’ சரிதான்). யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு நடந்ததைத்தான் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் ஜனங்கள் புத்தகம் வாங்கப் போகாமல், நாட்குறிப்பு வைத்திருந்த மேசைக்கு வரிசை கட்டினார்கள். ஒவ்வொருத்தரும் ஒரே கேள்வி: “எங்க குடும்பம் றவா, ரவா?” “நீங்க ர, உங்க சம்பந்தி வீடு ற” என்று நீங்கள் சொல்லச் சொல்ல, கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள் பையிலிருந்து ஏதோ பழைய கடிதங்களை எடுத்து, “இதுல அந்த மழை பத்தி இருக்கு, இவ்வளவு நாளா யாரும் கேக்கல” என்று உங்கள் கையில் திணித்தார். இரண்டாம் பதிப்பு வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை ஏழு வருஷம் ஆகாது. வரிசை வீட்டுக்கே வருகிறது.

போர்டு மாமா கடைசியில் வந்தார். தன் வரியை விரல் வைத்துப் படித்தார். படிப்பதற்கு முன்னால் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டதை நீங்கள் பார்த்தீர்களா? ‘ஓர் அறை.’ அப்புறம், “அந்த அறை இன்னும் இருக்கு. வந்து பாக்கறீங்களா?” என்றார்.

அங்கே நான் உங்கள் பின்னால்தான் நின்றேன். நான்கு எட்டு வைத்தால் சுவர். ஒரு ஜன்னல். பெயின்ட் டப்பாக்கள், ஏணி, பாதி எழுதிய ஒரு தையல் கடைப் போர்டு. மாமா ஏணியை நகர்த்தி, டப்பாக்களை ஓரமாகத் தள்ளி, ஜன்னலுக்குக் கீழே இடம் பண்ணினார். “மிஷின் இங்கதான் இருந்திருக்கணும். வெளிச்சம் இங்கதான் வரும்” என்றார். நீங்கள் போய் அந்த இடத்தில் நின்றீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு அடிக்குறிப்பு வைத்திருக்கிற நீங்கள் ஜன்னல் கட்டையை விரலால் தடவிப் பார்த்தீர்கள். நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை, இது என் சாதனைப் பட்டியலில் சேர வேண்டும்.

மாமா ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, மேலே துண்டை விரித்து, “ஒன்பது நாளைக்குன்னு வந்தவங்க. சொல்லாம கொள்ளாம தனி வீடு பாத்துட்டுப் போயிட்டீங்க. உக்காருங்க, டீ வரும்” என்றார்.

நீங்கள் உட்கார்ந்தீர்கள். ஈரப் பெயின்டா என்று பார்க்காமலே.

வாலு